போர்வை போர்த்திய குட்டைக்குதிரை

அவருக்குப் பேர்க்காரர் என்ற பேர் சும்மா வரவில்லை. அவருடைய தாய்மாமன் வாயையே திறக்கமாட்டார். ஒன்பது வயதில் இவர் அந்த மாமனுக்குத் 'தாழ்ப்பாள்' என்று பேர் வைத்தார். தாழ்ப்பாளுக்கு மூன்று பெண்கள். மூத்தவளைக் கட்டியவர் ஊர் ஊராய் மின்விசிறி விற்றவர், நடுவுள்ளவளுக்கு இரட்டைப் பிள்ளைகள், கடைக்குட்டி தையல் படித்தவள். மூன்று பேரும் இன்றைக்கு வரைக்கும் தாழ்ப்பாள் வீட்டுப் பெண்கள்தான். மாமன் போய்ச் சேர்ந்து பதினாலு வருஷம் ஆகிறது. பேர் மட்டும் போகவில்லை.

"உங்க மாமா போட்டோவுக்குக் கீழ என்ன எழுதணும்னு கடைக்காரன் கேட்டான். எனக்கே தாழ்ப்பாள்னு வாய்வரைக்கும் வந்துடுச்சுடா" என்று அத்தை ஒருதரம் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்ததுதான் இவருக்கு ஞாபகம் இருந்தது. துடைத்தது இல்லை.

வேலை சலவைக்கடையில். வந்து விழுகிற துணி கலந்துவிடாமல் அடையாளம் போடுவது அவர் பொறுப்பு. கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளைத் துணித்துண்டு, அதில் அழியாத மையால் எழுத்து, சட்டைக் காலருக்கு உள்ளே வைத்து நாலு மூலையிலும் சிவப்பு நூலில் ஒவ்வொரு பெருக்கல் குறி. தோய்த்துத் தேய்த்து மடித்ததும் கத்தரியால் அதை எடுத்துவிட்டுத்தான் துணியைக் கொடுக்க வேண்டும். மற்ற கடைகளில் அந்தத் துண்டில் நம்பர் எழுதுவார்கள். இவர் பேர் எழுதுவார். நம்பர் மறந்துபோகும், மூஞ்சி மறக்காது என்பது அவர் கட்சி. 'கதவிடுக்கு', 'அரைத்தூக்கம்', 'கழுத்தைத் தேடுறவர்' என்று எழுதிக் கோத்து வைப்பார். நீராவிப் பெட்டி போடுகிற அம்மாளுக்குக் 'குக்கர்' என்று பேர், எதற்கெடுத்தாலும் புஸ்ஸென்று சீறுவதால். முதலாளிக்கு 'ஈரத்துணி'. எங்கே உட்கார்ந்தாலும் தொங்கிப்போய்க் கிடப்பார். அது முதலாளிக்கும் தெரியும்.

ஒருதரம் கத்தரி தவறி, ஒரு கோட்டில் துண்டு அப்படியே போய்விட்டது. கோட்டுக்காரர் திரும்ப வந்து, காலரை விரித்துக் கல்லாமேஜை மேல் வைத்தார். "இது நானா?" என்று கேட்டார். கோட்டை மடித்து எடுத்துக்கொண்டு போனவர் அதற்கப்புறம் இரண்டு தெரு தள்ளியிருக்கிற கடைக்குத்தான் போனார். ஒரு வாரம் கடையே சிரித்தது. அந்தக் கதையை இவர் எல்லாரிடமும் சொல்லுவார், கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக் காட்டி, நடிப்போடு.

கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டு முன்னறைதான் அவர் அறை. அண்ணன் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், சாது. அண்ணி பல் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுக்கிறவள். அவர்களுக்கு ஒரே பெண், பதினோரு வயது. ஆறு வயதிலேயே மளமளவென்று வளர்ந்து, ஒல்லியாய், தலைமுடி சிலும்பி நின்றாள். பேர்க்காரர் ஒருநாள் பார்த்தார். "வாடி என் ஒட்டடைக்குச்சி!" என்றார். அவ்வளவுதான். வீட்டில் ஒட்டடைக்குச்சி, அவசரத்துக்கு ஒட்டடை. பெற்ற அப்பனும் அப்படித்தான் கூப்பிட்டார். முதலில் அவளும் சிரித்தாள். கையைத் தூக்கிக் கூரையைப் பெருக்குவதுபோல் ஆடிக்கூடக் காட்டினாள். எப்போது ஆடுவதை நிறுத்தினாள் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

இப்படி இருக்கையில்தான் அந்தக் குட்டைக்குதிரை வீட்டுக்குள் வந்தது.

நூலகத்தில் சனிக்கிழமை சனிக்கிழமை கூடுகிற ஐந்து பெண்பிள்ளைகள் அவர்கள். கதைப் புத்தகம் படிக்கப் போய், குதிரைப் பைத்தியம் பிடித்து, ஆளுக்கொரு போனி என்று தீர்மானம் செய்திருந்தார்கள். கடையில் வாங்குகிற பொம்மை இல்லை. தானே யோசித்து, தானே வரைந்த, தனக்கே தனக்கான குட்டைக்குதிரை. நிறம், பிடரி, குணம் எல்லாம் அவளவள் இஷ்டம். பின்தொடையில் மட்டும் ஒரு சின்னம் இருக்க வேண்டும். அந்தக் குதிரை யார் என்று அந்தச் சின்னம் சொல்லிவிடும். பேருக்கு மட்டும் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள்: தன் குதிரைக்குத் தானே பேர் வைக்கக்கூடாது. வீட்டு ஆளோ, தெரிந்த ஆளோ, வேறொருத்தர் வைத்ததாக இருக்க வேண்டும். வருகிற சனிக்கிழமை நூலகக்கார அம்மாள் ஐந்து அட்டைகளையும் சுவரில் ஒட்டுவதாகச் சொல்லியிருந்தாள். பேரில்லாத அட்டைக்குச் சுவரில் இடமில்லை.

நாலு குதிரைக்குப் பேர் வந்துவிட்டது. இவளுடையதற்கு இல்லை.

அவள் கேட்காத ஆள் இல்லை. அண்ணி ஒரு பூவின் பேரைச் சொன்னாள். "ரொம்பக் கொழகொழன்னு இருக்கும்மா." அண்ணன் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் யோசித்துப் 'புயல்' என்றார். "பஸ் பேரு மாதிரி இருக்குப்பா." கீழ்த்தளத்துக் காவல்காரத் தாத்தா 'ராஜா' என்றார். "அது பொண்ணு, தாத்தா." சாப்பாட்டுக் கேரியரைக் கொடுக்கச் சலவைக்கடைக்கு வந்தவள், பேர்க்காரர் பக்கத்திலேயே நிற்க, அவரைத் தாண்டிப் போய்க் குக்கரிடம் கேட்டாள்.

"மின்னல்னு வையி கண்ணு" என்றாள் குக்கர்.

"அது இன்னொருத்தி குதிரைக்கு வெச்சாச்சு அக்கா."

கேரியரை வைத்தாள், போய்விட்டாள். பேர்க்காரர் கையில் ஊசியோடு அப்படியே நின்றார்.

"என்னய்யா, ஊருக்கெல்லாம் பேர் வைக்கிற ஆளு, உன்னைக் கேக்கவேயில்ல?" என்று குக்கர் சீறினாள். சீறலில் சிரிப்பும் இருந்தது.

"கடைசியா கேப்பா. நல்லதைக் கடைசிலதானே திம்பாங்க."

புதன்கிழமை போனது. வியாழன் போனது. அவள் கேட்கவில்லை. அவருக்கு உள்ளுக்குள் பொருமிக்கொண்டு வந்தது. வியாழக்கிழமை சாப்பிடும்போது மானத்தை விட்டு அவரே ஆரம்பித்தார்.

"ஏ ஒட்டடை, உன் குதிரைக்கு நான் ஒரு பேர் சொல்லட்டுமா?"

"வேண்டாம் சித்தப்பா."

"ஏன்? நான் வெச்சா ஆகாதா?"

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க வெச்சா ஒட்டிக்கும்."

அவருக்கு அது பாராட்டாகப் பட்டது. "கேட்டியாண்ணே? ஒட்டிக்குமாம்!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். அண்ணி எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். தண்ணீர்ச் செம்பு மேஜைமேலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார். யாரும் இல்லை. மேஜைமேல் அட்டை கிடந்தது, ஓரம் சுருளாமல் நாலு மூலையிலும் நாலு புத்தகம் வைத்து. அவர் அப்போதுதான் குதிரையை முழுசாகப் பார்த்தார். நல்ல கருநீலம், பள்ளிக்கூடத்து ஸ்வெட்டர் நிறம். பிடரியை ஒட்ட வெட்டி, ஒரு முடி சிலும்பாமல் படிய வாரிவிட்டிருந்தாள். ஒல்லி இல்லை, திண்ணென்று நின்றது. முதுகிலிருந்து பின்தொடை வரைக்கும் ஒரு போர்வை. வேறு காகிதத்தில் வெட்டி, மேல்விளிம்பை மட்டும் ஒட்டியிருந்தாள். கீழே 'பேர்' என்று எழுதி ஒரு கோடு. கோட்டுக்கு மேலே காலி.

அந்தக் காலி இடம் அவரைப் பார்த்தது. சட்டைப்பையில் அடையாள மைப் பேனா எப்போதும் இருக்கும். உண்மையைச் சொன்னால், மூன்று நாளாய் யோசித்து ஒரு நல்ல பேர் வைத்திருந்தார், கேலி இல்லாத பேர். ஆனால் மூடியைத் திறந்ததும் கண் அந்தப் போர்வைமேல் போனது. கண் போன இடத்துக்கு மனசு போனது, மனசுக்கு முன்னால் கை போய்விட்டது. முப்பது வருஷப் பழக்கம். 'குளிருதம்மா' என்று எழுதினார், கொட்டை எழுத்தில்.

எழுதிவிட்டுத் தனியாகவே குலுங்கிச் சிரித்தார். வந்து பார்த்தால் அவளுக்கும் சிரிப்பு வராமல் இருக்குமா? அப்படி எதைத்தான் மூடி வைத்திருக்கிறாள் என்று போர்வையை விரல்நுனியால் தூக்கினார்.

தொடையில் நட்சத்திரம் இல்லை, பூ இல்லை. ஒரு சின்ன வெள்ளைச் சதுரம். நாலு மூலையிலும் சிவப்புப் பென்சிலில் நாலு பெருக்கல் குறி. சதுரத்துக்குள்ளே என்ன எழுத்து இருந்ததோ தெரியாது, அதன்மேல் கிறுக்கி, மறுபடி கிறுக்கி, அட்டை நார் எழும்பிப் பிய்ந்துபோயிருந்தது.

தன் தையலை அவருக்குத் தெரியாதா? அந்த ஊரில் சிவப்பு நூலில் பெருக்கல் குறி போடுகிறவர் அவர் ஒருத்தர்தான். போர்வையைக் கீழே விட்டார். மறுபடி தூக்கிப் பார்த்தார். அதே நாலு குறி.

அண்ணி சாப்பாட்டு இடைவேளைக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. அட்டையை அவள் பக்கம் திருப்பினார். அண்ணி பேரைப் படித்தாள், போர்வையைத் தூக்கிப் பார்த்தாள், நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, இது என்னோட துண்டு."

"ஆமா தம்பி."

"இவளுக்கு எப்படி...?"

"நம்ம வீட்டுத் துணிக்கும் நீங்கதானே அடையாளம் போடறீங்க. ரெண்டு வருஷம் முன்னாடி, அவ ஸ்கூல் ஸ்வெட்டர். வீட்டுத் துணிதானேன்னு துண்டை எடுக்காம விட்டுட்டீங்க. விளையாட்டு பீரியட்ல கழட்டி வெச்சிருக்கா. எவளோ காலரைத் திருப்பிப் படிச்சுட்டா. அன்னையிலேருந்து ஸ்கூல்லயும் அவ ஒட்டடைக்குச்சிதான்."

அவர் அந்த வெள்ளைச் சதுரத்தின்மேல் விரலை வைத்தார்.

"துண்டை நானே பிரிச்சேன். காலருக்கு உள்ள இருக்கற வெள்ளைப் பட்டைல மை இறங்கிப்போச்சு. ப்ரஷ் போட்டு, கல்லுல தேய்ச்சு, நகம்தான் போச்சு, எழுத்து போகல. அந்தக் குளிர் முழுக்க ஸ்வெட்டர் தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிக்கிட்டு நடுங்கிக்கிட்டே ஸ்கூலுக்குப் போனா. மெத்தைக்கு அடியிலேருந்து நான்தான் கண்டுபிடிச்சேன்."

அவர் அட்டையில் தான் எழுதியிருந்த பேரைப் பார்த்தார். குளிருதம்மா.

"என்கிட்ட ஏன் அண்ணி சொல்லல?"

அண்ணி கைப்பையின் வாரைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"சொன்னா சிரிப்பீங்கன்னு நினைச்சோம் தம்பி. கடைல போய் அந்தக் கோட்டுக்காரர் கதை மாதிரி இதையும் சொல்லுவீங்கன்னு."

அப்படிச் சொல்லியிருக்கமாட்டேன் என்று சத்தியம் செய்யத்தான் நினைத்தார். யோசித்துப் பார்த்தார். சொல்லியிருப்பார். கையைத் தூக்கிக் கூரையைப் பெருக்குகிற மாதிரி நடித்தும் காட்டியிருப்பார்.

நாலு மணிக்கு அவள் வந்துவிடுவாள். அவர் அட்டையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கடைக்கு ஓடினார். கறை எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எண்ணெய், துரு, ரத்தம், வெற்றிலை எதுவானாலும் அவர் கைக்கு அடங்கும். எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தார். சிறிய புட்டியில் இருக்கிற கறைநீரைப் பஞ்சில் தொட்டு ஒற்றினார். துணியாக இருந்தால் ஒருவேளை கொஞ்சம் வெளுத்திருக்கும். இது அட்டை. பேர் இருந்த இடம் ஊறிப் பொதபொதவென்றாகி, பஞ்சு உள்ளே போய் மறுபக்கம் வந்துவிட்டது. ஓட்டையைச் சுற்றிலும் 'கு'வும் 'மா'வும் மட்டும் பளிச்சென்று அப்படியே நின்றன.

"அழியக்கூடாதுன்னுதானேய்யா அந்த மையையே வாங்கறோம்" என்றாள் குக்கர், என்ன விஷயம் என்று தெரியாமல். அவர் முகத்தைப் பார்த்தபின் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

நாலு மணிக்கு அவள் பையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது, பேர்க்காரர் மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றார். அட்டை நடுவில் கிடந்தது. ஒளித்து வைத்துவிடலாமா, காற்றில் பறந்துபோனது என்று சொல்லிவிடலாமா என்று படி ஏறும்போதெல்லாம் நினைத்தவர்தான். இரண்டு வருஷம் முன்னால் தொலைந்துபோன ஸ்வெட்டர் ஞாபகம் வந்து, அந்தப் பொய் நாக்கில் ஏறவில்லை.

"நான்தான் எழுதினேன். அழிக்கப் பார்த்தேன். ஓட்டை விழுந்துடுச்சு."

அவள் பையை இறக்காமலே அட்டையை எடுத்தாள். ஓட்டையைப் பார்த்தாள், மிச்ச எழுத்தைப் பார்த்தாள்.

"என்ன எழுதினீங்க?"

அதைச் சொல்வதற்குத்தான் அவருக்கு உயிர் போனது. வாழ்நாளில் எத்தனை பேரை உரக்கக் கூவியவர், இந்த ஒரு பேரைத் தரையைப் பார்த்துச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. அழவுமில்லை.

"போர்வையைத் தூக்கிப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"முன்னாடியா, பின்னாடியா?"

"எழுதினப்புறம்."

அவள் தலையை ஆட்டினாள், கணக்கு சரியாக வந்த மாதிரி. அவர் தப்பு என்றார், மன்னிச்சுக்கோ என்றார், எனக்குத் தெரியாதும்மா என்றார். ஒவ்வொன்றும் வாயிலிருந்து வெளியே வந்ததும் சப்பென்று கீழே விழுந்தது. நடுவில் பழக்கதோஷத்தில் ஒருதரம் 'ஒட்டடை' என்றே வந்துவிட்டது. சொன்ன வாயைக் கையால் பொத்திக்கொண்டார். கைவிரல் எல்லாம் மை.

"வெள்ளை அட்டை ஒண்ணு வாங்கிட்டு வாங்க சித்தப்பா. இதே கனத்துல. வேற ஒண்ணும் வேண்டாம்."

"பேரு?"

"அட்டை மட்டும் போதும்."

வாங்கிவந்து கொடுத்தார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். முன்னறையில் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அண்ணன் வேலைவிட்டு வந்து, "டேய், என்னடா ஆச்சு?" என்று இரண்டுதரம் கேட்டார். மூன்றாம் தரம் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அண்ணிக்கு ஆஸ்பத்திரி, அண்ணனுக்கு எங்கோ லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டது. நூலகத்துக்குக் கொண்டுபோய் விட அவரை விட்டால் ஆள் இல்லை. மழை தூறிற்று. அவர் குடை பிடித்தார். அவள் புது அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு திருப்பிப் பிடித்துக்கொண்டு வந்தாள். வழியில், "வெளியவே நில்லுங்க சித்தப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "சரிம்மா" என்றார். மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் அவர் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியாது. யோசித்தால் அவருக்கே தெரியாது.

நூலகத்து வாசலில் கண்ணாடிக் கதவு, அதற்குப் பக்கத்தில் காற்றுக்காகத் திறந்துவைத்த ஜன்னல். அவர் குடையை மடக்கி ஓரமாக நின்றார். உள்ளே நூலகக்கார அம்மாள் ஏணிப்படியில் ஏறி ஒவ்வொரு அட்டையாய் வாங்கி ஒட்டினாள். மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று, ரோஜா நிறத்தில் இரண்டு. கடைசியாக நீலம். புதுக் குதிரைக்குப் போர்வை இல்லை. தொடையில் வெள்ளைச் சதுரம் இருந்தது, நாலு சிவப்புக் குறியும் இருந்தன. சதுரத்துக்குள் கிறுக்கல் இல்லை, எழுத்தும் இல்லை. வெறும் வெள்ளை.

நூலகக்கார அம்மாள் பேரை உரக்கப் படித்தாள்.

"ஏய்! அது உன் பேருடி!" என்று ஒரு பெண் கத்தினாள். "சட்டம் என்ன? தானே வைக்கக்கூடாதுல்ல?"

"நான் எங்க வெச்சேன்? எங்கம்மா வெச்சது. நான் பொறந்தப்போ."

"அது உனக்கு வெச்சதுல்ல?"

"வீட்ல அதை யாரும் எடுக்கறதே இல்லடி. சும்மாதானே கெடக்கு. அதான் இதுக்குக் குடுத்துட்டேன்."

மற்றவர்கள் கூடிப் பேசினார்கள். சட்டப்படி சரிதான் என்று தீர்ப்பாயிற்று. நூலகக்கார அம்மாள் மூலைகளை அழுத்திவிட்டு இறங்கினாள்.

ஜன்னலுக்கு வெளியே நின்றவருக்குக் காது ரெண்டும் கொதித்தது. மழைக்கு ஒதுங்கின ஒருவர், "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்று கேட்டார். தள்ளவும் தோன்றாமல் நின்றார். அந்தப் பேரை அவர் எடுத்து ஐந்து வருஷம். பேர் வைத்த நாளன்று அவரும் கூட இருந்தவர்தான். பிள்ளை மூன்று கிலோ இருக்காது, துண்டில் சுற்றி அண்ணி இவர் கையில் கொடுத்தாள். இவர்தான் முதல் ஆளாக அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிள்ளை கண்ணைத் திறந்தது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவரும் இவர்தான். அதையும் ஒரு கதையாகத்தான் வைத்திருந்தார். பேரை எங்கே வைத்தார் என்று தெரியவில்லை.

பதினொன்றரைக்குப் பிள்ளைகள் கலகலவென்று வெளியே வந்தார்கள். அவள் கடைசியில், தோழி ஒருத்தியோடு பேசிக்கொண்டே, அவர் நின்றதைக் கவனிக்காமல் படி இறங்கி மழைக்குள் நடந்தாள். வழக்கமாக அந்த இடத்தில் அவர் தொண்டையைத் திறந்து தெருவே திரும்புகிற மாதிரிக் கூப்பிடுவார். அந்தப் பழைய பேர் நாக்கு நுனியில் ஓடி வந்து நின்றது. விழுங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, அவளுடைய பேரைச் சொன்னார். அம்மா வைத்த பேரை.

அவள் திரும்பவில்லை.

கோபத்தால் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. காதில் விழாமலும் இல்லை, பக்கத்தில் வந்தவள் திரும்பிப் பார்த்தாளே. அந்தக் குரலில் அந்தப் பேர் வந்தால் அது தன்னைத்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்கு நடந்தாள்.

அவர் குடையை விரித்தார். ஒரு கம்பி சிக்கியது, இழுத்து விட்டார். மையடித்த விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, வேகமாக நாலு எட்டு வைத்து, இன்னும் ஒருதரம் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.